ஒரு வரிசைக்கு இரண்டு பேர்

பள்ளிக்கூடம் திறந்த திங்கட்கிழமை ஒன்பது பேர் வந்திருந்தார்கள். பதிவேட்டில் இருபத்து மூன்று பெயர்கள் இருந்தன. பொன்னுவேல் வாத்தியார் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். ஜனவரி மாதத்தில் எத்தனை தடவை எண்ணினாலும் ஒன்பது ஒன்பதுதான்.

அரையாண்டு லீவைக் கண்டுபிடித்தவன் காப்பித் தோட்டத்து முதலாளியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் அடிக்கடி சொல்வார். சேர்வராயன் மலையில் பழம் சிவந்து, செடி கனம் தாங்காமல் வளைகிற நாளாகப் பார்த்துத்தான் சர்க்கார் பள்ளிக்கூடத்தைப் பூட்டுகிறது. தலைச்சோலைக்குக் கீழே நாலு மைல் இறங்கினால் வரும் குண்டாஞ்சோலை நாற்பது வீட்டு ஊர். லீவு விட்ட மறுநாளே நாற்பது வீடும் கதவைச் சாத்திக்கொண்டு மேட்டு எஸ்டேட்டுக்குப் பழம் பறிக்கப் போய்விடும். பிள்ளைகளை வீட்டில் விட்டுப் போனால் பார்த்துக்கொள்ள ஆளில்லை. விட்டாலும் அவர்கள் இருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற தேதி சர்க்காருக்குத் தெரியும், வாத்தியாருக்குத் தெரியும். காப்பிச் செடிக்குத் தெரியாது.

பொன்னுவேல் பதிவேட்டை விரித்து முதல் பெயரைக் கூப்பிட்டார்.

"தங்கராசு."

மூன்றாம் வகுப்புப் பையன் எழுந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எட்டரை கிலோங்க" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. மற்ற எட்டுப் பேருக்கும் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. தங்கராசுக்கு எட்டரை நியாயமான எடைதான்.

எஸ்டேட்டில் சாயங்காலம் ரைட்டர் பெயரைக் கூப்பிடுவார். கூடையைத் தராசுக் கொக்கியில் மாட்டி, தராசுக்காரர் எடையைச் சொல்வார். பறித்தவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் ரைட்டர் எழுதுவார். நாளைக்கு அவ்வளவு இல்லை, இவ்வளவுதான் என்று பேச்சு வரக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட பழக்கம் அது. பன்னிரண்டு நாள் அப்படிப் பழகின வாய்க்குப் பெயர் காதில் விழுந்தவுடன் கிலோதான் வரும்.

"இது தராசு இல்ல சாமி, பள்ளிக்கூடம். பேரக் கூப்புட்டா என்ன சொல்லோணும்?"

"உள்ளேன் ஐயா."

"அதச் சொல்லு."

நாலாவது பெயருக்கு மறுபடியும் ஆறு கிலோ வந்தது.

வருஷா வருஷம் நடக்கிற கூத்துதான் இது. அதனால் பொன்னுவேல் லீவு முடிந்து வரும் முதல் மூன்று நாள் புத்தகத்தைத் திறக்க மாட்டார். நாளெல்லாம் செடியடியில் நின்ற பிள்ளைகளை உட்காரச் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் நெளிவார்கள். ஆகவே முதல் மணி நேரம் நின்றுகொண்டே வாய்ப்பாடு. அடுத்தது கரும்பலகைக்குக் கரி ஏற்றுவது. கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பலகையில் தேய்ப்பார்கள். எப்படியும் கை காப்பிக் கறையில் கறுத்துத்தான் கிடக்கிறது, இன்னும் கொஞ்சம் கறுத்தால் என்ன. மூன்றாம் நாள்தான் சிலேட்டு. அதற்கு முன் பலப்பத்தைக் கொடுத்தால் பழத்தைத் திருகுவது போலத் திருகி ஒடித்துவிடுவார்கள்.

இதெல்லாம் அவருக்கு எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித் தந்தது அல்ல. அவரும் இதே ஊர்ப் பிள்ளை. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் இதே தோட்டத்தில் கூடை தூக்கினவர். பிறகு கீழே ஹாஸ்டலில் படித்து, வாத்தியாராகித் திரும்பி வந்தார். கட்டிக்கொண்டதும் அந்தக் காலத்தில் தன் வரிசையில் எதிர்ப்பக்கம் நின்று பறித்த அத்தாயியைத்தான். காப்பிப் பறிப்பில் ஒரு வரிசைக்கு இரண்டு பேர். செடிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். கூடை தூக்கின நாட்களைப் பற்றி அவர் பேசவே மாட்டார். பேசினால் ஒன்றே ஒன்றுதான்: பத்து வயதில் ஒரே நாளில் பதினோரு கிலோ பறித்தது. அதை மட்டும் ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார், சிலரிடம் இரண்டு தடவை.

இந்த வருஷம் அவருக்கு மூன்று நாள் அவகாசம் கிடையாது. லீவில் பத்து நாள் பயிற்சிக்காகச் சேலத்துக்குப் போயிருந்தபோது, ஆபீசில் ஒரு கடிதத்தைக் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார். ஆனி மாதம் அவர் வந்தபோது பதினாறு தலைதான் இருந்தது. மற்றவர்கள் சாமைக்குக் களையெடுக்கப் போயிருந்தார்கள். இது இரண்டாவது எண்ணிக்கை. இருபதுக்கு ஒன்று குறைந்தாலும் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு வாத்தியாரைச் சமவெளிக்கு மாற்றிவிடுவார்கள். பிள்ளைகள் காட்டு வழியில் நாலு மைல் ஏறித் தலைச்சோலைக்குப் போய்ப் படிக்கலாம் என்று கடிதத்தில் இருந்தது. ஆண்பிள்ளைகளில் நாலு பேர் போவார்கள். பெண்பிள்ளை ஒன்றுகூடப் போகாது என்பது பொன்னுவேலுக்குத் தெரியும்.

வராத பதினாலு பேரும் எங்கே இருக்கிறார்கள் என்பதும் தெரியும். அவர்கள் அவருடைய மனைவியிடம் இருந்தார்கள். குண்டாஞ்சோலைப் பறிப்பாட்களுக்கு அத்தாயிதான் மேஸ்திரி.

அன்று சாயங்காலம் அத்தாயி விறகுச் சுமையோடு வந்து சேர்ந்தாள். சேலை முந்தானையில் காப்பி இலையும் முசுறு எறும்பும் ஒட்டிக்கொண்டிருந்தன. உதறிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். ராகிக் களி கிண்டி, காலையில் வைத்த அவரைக்கொட்டைக் குழம்பைச் சுடவைத்து, புருஷனுக்கும் மகளுக்கும் தட்டு வைத்தாள். வெளியே பனி இறங்கி எதிர்வீடு தெரியவில்லை.

"ஒம்பது பேருதான் வந்தாங்க" என்றார் பொன்னுவேல்.

"தெரியுமுங்க. மிச்சம் பதினாலும் என்ற கூடத்தான் இருந்துச்சு."

"நாளைக்கு அனுப்பி உடு."

"எப்புடிங்க அனுப்பறது? கடைசிச் சுத்துப் பறிச்சுக்கிட்டு இருக்கறோம். மேக்கால மேகத்தப் பாத்தீங்களா? ஒரு மழை புடிச்சா பழம் பூராவும் வெடிச்சுக் கீழ கெடக்கும். பொங்கலுக்குள்ள வடக்கு பிளாக்க முடிச்சுக் குடுக்கறேன்னு ரைட்டருகிட்ட வாக்குக் குடுத்துட்டனுங்க."

"எங்கிட்டக் கேட்டா குடுத்த?"

"கேக்கறதுக்கு நீங்க எங்க இருந்தீங்க? சேலத்துல ஃபேனுக்குக் கீழ உக்காந்துருந்தீங்க."

பொன்னுவேல் களியை உருட்டாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வியாழக்கெழம இன்ஸ்பெக்டர் வாறாரு. இருவது தலை இல்லீனா இந்தப் பள்ளிக்கூடம் இல்ல. நானும் இல்ல."

அகப்பையைப் பிடித்த அத்தாயியின் கை நின்றது. "இருவதா?"

"இருவது."

"அந்தாளு பொங்கலு கழிச்சு வரக்கூடாதாமா?"

"அவரு வர்ற தேதிய நீ வெப்பியா?"

"பழம் பழுக்கற தேதிய நீங்க வெப்பீங்களா?"

மகள் அமுதா குனிந்த தலை நிமிராமல் களியை விழுங்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. தட்டில் இருந்த அவள் விரல்களைப் பொன்னுவேல் பார்த்துவிட்டார்.

"என்ன கண்ணு, கை இப்புடிக் கறுத்துருக்குது?"

"வாழப்பூ ஆய்ஞ்சா" என்றாள் அத்தாயி, அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

அவர் நம்பிவிட்டார். வாத்தியார்கள் லேசில் நம்புகிறவர்கள் இல்லை. தகப்பன்மார்கள் நம்புவார்கள்.

வீட்டில் பத்து நாளாக வாழைப்பூவே கிடையாது. சேலத்துக்குக் கிளம்பும்போது பொன்னுவேல் ஒன்றுதான் சொன்னார்: அமுதா தோட்டத்துப் பக்கம் வரக்கூடாது, வீட்டிலிருந்து பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் எழுதி வைக்க வேண்டும். அமுதா இரண்டு நாள் எழுதினாள். மூன்றாம் நாள் காலையில், கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரப்பில் ஓடிவந்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். அத்தாயி திட்டிப் பார்த்தாள், துரத்திப் பார்த்தாள். கடைசியில் மகளின் சினேகிதி ராசாத்தியின் வரிசையில் எதிர்ப்பக்கம் நிறுத்தினாள்.

முதல் நாள் அமுதாவின் கூடையில் நாலு கிலோகூடத் தேறாது. கூடை லேசாக இருந்தால் ரைட்டர் எல்லோர் முன்னாலும் வைவார். எடைக்குப் போகுமுன் ராசாத்தி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தன் கூடையிலிருந்து நாலு கை அள்ளிப் போட்டாள். வரிசைக்காரியின் கூடை குறைந்தால் நிரப்பிவிடுவது அந்தத் தோட்டத்தில் சொல்லாமலே நடக்கிற காரியம். வாங்கினவர் கேட்கவும் மாட்டார், போட்டவர் சொல்லவும் மாட்டார். ஒரு வாரத்தில் அமுதாவுக்கு யாரும் போட வேண்டியிருக்கவில்லை. பொன்னுவேல் ஊர் திரும்புவதற்கு முதல்நாள் அத்தாயி மகளை உட்காரவைத்து, எலுமிச்சம்பழத்தையும் சாம்பலையும் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தாள். கறை பாதி போயிற்று. பாதி போகவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியலில் பொன்னுவேல் வீடு வீடாகப் போனார். ராசாத்தியின் அப்பன் செல்லப்பன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"செல்லப்பா, ராசாத்திய இன்னைக்கு அனுப்பு."

"அனுப்பறனுங்க வாத்தியாரே. பொங்கலு முடியட்டுமுங்க."

"பொங்கலு முடிஞ்சா பள்ளிக்கூடமே இருக்காதப்பா."

"அப்புடியெல்லாம் சொல்லாதீங்க. சர்க்காரு கட்டுன சொவரு, அது எங்க போயிரும்? ஒரு வாய் காப்பி குடிங்க." செல்லப்பன் லோட்டாவை நீட்டினான். "நாஞ்சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. உங்க ஊட்டம்மா வான்னா புள்ள வருது, போன்னா போவுது. ஊட்டுக்குள்ளயே பேசி முடிக்காம எங்க வாசல்ல வந்து நின்னா, நாங்க என்னங்க பண்றது?"

அவன் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால் பொன்னுவேலுக்கு இன்னும் கோபம் வந்தது. காப்பியைக் குடிக்காமல் வந்துவிட்டார்.

கெஞ்சியதிலும் மிரட்டியதிலும் புதன்கிழமை பதிமூன்று பேர் ஆனார்கள். அதற்குள் முதலில் வந்த ஒன்பதும் வழிக்கு வந்திருந்தன. அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்தார்கள். பெயரைக் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' என்றார்கள். தங்கராசு பலப்பத்தை ஒடிக்காமல் ஒரு வரி எழுதிக் காட்டினான். இன்னும் ஏழு பேர் வேண்டும்.

அதே சாயங்காலம் எஸ்டேட் களத்தில் எடை நடந்தது. மேகம் கீழிறங்கி சில்வர் ஓக் மரங்களின் உச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தது. எடை முடியும்வரை காத்திருந்து அத்தாயி ரைட்டர் கோவிந்தராஜின் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கோவிந்தராஜ் சேலத்துக்காரர். கெட்ட மனிதர் இல்லை. மழையைக் கண்டால் மட்டும் கெட்டவராகிவிடுவார்.

"ஏனுங்க, நாளைக்கு ஒரு நாளு பொடுசுங்களக் காலைல உட்டுப்போட்டு, மத்தியானத்துக்கு மேல கூட்டியாரட்டுங்களா?"

"எத்தன பேரு?"

"பத்துப் பேருங்க."

"மேஸ்திரியம்மா, கொஞ்சம் மேல பாருங்க." கோவிந்தராஜ் பேனாவால் வானத்தைக் காட்டினார். "நாளைக்கு மழ வந்துருச்சுன்னா தொர என்னயக் கேப்பாரு. நான் யாரக் கேக்கறது? வருசா வருசம் வடக்கு பிளாக்கு உங்க ஆளுக்குன்னு வெச்சிருக்கறேன். நல்ல செடி, மேடு பள்ளம் இல்லாத எடம். நாளைக்கு ஒரு கை கொறஞ்சாலும் அத கரடியூர் ஆளுங்களுக்குக் குடுத்துருவேன். அப்பறம் எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

"சரிங்க" என்றாள் அத்தாயி. எதற்குச் சரி என்று சொல்லவில்லை.

அன்றைக்கு இரவு வீட்டில் சாப்பிட்டு முடிக்கும்போது அவள்தான் கேட்டாள்.

"ஏனுங்க, தலை எண்றப்ப ஆளு இருந்தாப் போதுங்களா, புத்தகமும் வேணுமுங்களா?"

"ஆளு இருந்தாப் போதும்" என்றார் அவர் வெடுக்கென்று. ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்கிற நிலையில் அவர் இல்லை.

வியாழக்கிழமை காலையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. ஏழு மணிக்கு அத்தாயி தன் ஆட்களோடு கிளம்பினாள். முன்னால் பெரியவர்கள், பின்னால் கூடையோடு பத்துப் பிள்ளைகள். பலாமரத்தடியில் பாதை இரண்டாகப் பிரியும். மேலே போவது எஸ்டேட்டுக்கு, கீழே போவது பள்ளிக்கூடத்துக்கு. அங்கே அவள் நின்றாள்.

"பெரியவங்க எல்லாம் மேல போங்க. பொடுசுங்க எங்கூட வாங்க."

"எங்க அத்தாயி?" என்றான் செல்லப்பன்.

"பள்ளிக்கூடத்துக்கு."

"அப்ப வடக்கு பிளாக்கு?"

"போனாப் போவுது. கல்லுக்காட்டு பிளாக்குலயும் காப்பிதான் காய்க்குது." அவள் திரும்பிப் பார்க்காமல் கீழே இறங்கினாள். பிள்ளைகள் கூடையோடு பின்னால் இறங்கின. மேஸ்திரி எங்கே போகிறாளோ அங்கே போவதுதான் வழக்கம். ஏன் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.

பொன்னுவேல் பள்ளிக்கூடக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது பனிக்குள்ளிருந்து முதலில் கூடைகள் வந்தன, பிறகு தலைகள் வந்தன. அத்தாயி பத்துக் கூடைகளையும் சுவரோரமாக அடுக்கச் சொன்னாள்.

"எண்ணிக்குங்க" என்றாள். "பத்து இருக்குது."

"ரைட்டரு?"

"அத நாம்பாத்துக்கறேன்." அவள் அதற்குள் மேட்டில் ஏறிப் பனிக்குள் மறைந்துவிட்டாள்.

பத்துப் பேரையும் வகுப்புவாரியாக உட்காரவைக்க அவர் பாடுபட்டார். முடியவில்லை. பறிப்பில் யாரோடு யார் நின்றார்களோ அவரவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்கள். ராசாத்தியை மூன்றாம் வகுப்பு வரிசைக்கு இரண்டு தடவை அனுப்பினார். இரண்டு தடவையும் அவள் நழுவிப்போய் அமுதாவின் பக்கத்தில் நின்றாள். மூன்றாம் தடவை அனுப்புவதற்குள் வாசலில் செருமல் கேட்டது.

இன்ஸ்பெக்டர் பாக்கியநாதன் கழுத்தில் மஃப்ளரும் காலில் கான்வாஸ் ஷூவுமாக மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். ஜீப் தலைச்சோலையோடு நின்றுவிடும். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவர் விரலை நீட்டித் தலைகளை எண்ணிவிட்டார்.

"இருபத்து மூணு." அவர் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. "ஆனியில பதினாறு. இப்ப முழுசா இருபத்து மூணு. பக்கத்து ஊர்லேருந்து புள்ளைங்கள இரவல் வாங்கி உக்காரவெக்கிற பள்ளிக்கூடமெல்லாம் நான் பாத்திருக்கேன் சார். ரிஜிஸ்டரக் குடுங்க. நானே கூப்பிடறேன்."

பதிவேட்டில் பையன்களின் பெயர்கள் முதலில் இருந்தன.

"தங்கராசு."

"உள்ளேன் ஐயா."

அடுத்த மூன்று பேரும் அப்படியே சொன்னார்கள். மூன்று நாள் உழைப்பு வீண்போகவில்லை என்று பொன்னுவேல் மூச்சை விட்டார். ஐந்தாவது பெயர் சடையன். அவன் அன்று காலைதான் கூடையோடு வந்தவன்.

"சடையன்."

"ஏழே கால் கிலோங்க!"

பாக்கியநாதன் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "என்ன?"

பெரியவருக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்துச் சடையன் கையை வாயருகே குவித்துக்கொண்டான். "ஏழே காலுங்க! தராசுக்காரரு சொன்னாருங்க!"

அதோடு போயிற்று. அடுத்தவன் ஒன்பது என்றான். அதற்கடுத்தவன் வழிக்கு வந்த ஒன்பது பேரில் ஒருவன். அவனும் 'உள்ளேன்' என்று ஆரம்பித்து ஆறரை கிலோவில் முடித்தான். பிறகு வந்ததெல்லாம் கிலோதான். கால், அரை, முக்கால் எதுவும் விட்டுப்போகவில்லை. பாக்கியநாதன் நிறுத்தவில்லை. பெயரைக் கூப்பிடுவதும், பதிலைக் கேட்பதும், ஜன்னல் வழியாகச் சுவரோரத்துக் கூடைகளைப் பார்ப்பதுமாக இருந்தார். பொன்னுவேல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை இருபத்து மூன்று இருந்தும் பள்ளிக்கூடம் கைவிட்டுப் போகிறது என்று அவருக்குத் தோன்றியது.

"ராசாத்தி."

"பத்தே முக்காலுங்க."

கடைசிப் பெயர் பாக்கி இருந்தது.

"அமுதா."

அமுதா எழுந்தாள். கைகளைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு, கணீரென்று, "உள்ளேன் ஐயா" என்றாள். வாத்தியார் மகள் வாத்தியார் மகள்தான். பொன்னுவேலுக்குக் கண் கலங்குகிற மாதிரி இருந்தது.

பக்கத்தில் நின்ற ராசாத்திக்கு இது பொறுக்கவில்லை. தன் வரிசைக்காரியின் எடை எழுதப்படாமல் போகிறதே என்ற பதற்றம் அவளுக்கு. "ஐயா, அவ பன்னண்டு கிலோங்க! பொடுசுங்கள்ள அவதானுங்க ஒசத்தி!"

பொன்னுவேல் மகளைப் பார்த்தார். அமுதா அப்பாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதற்குமேல் அவளாலும் முடியவில்லை.

"பன்னண்டு இல்லீங்க" என்றாள். "பன்னண்டரை."

பாக்கியநாதன் பதிவேட்டை மூடினார். "யார் புள்ள இது?"

அதிகாரிகளிடம் பொன்னுவேல் எப்போதும் புத்தகத் தமிழில்தான் பேசுவார். அன்றைக்கு அது வரவில்லை. "என்ற புள்ளைங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் அமுதாவைக் கிட்டே கூப்பிட்டுக் கையை விரிக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி உள்ளே போயிருந்த கல்லை உதறினார். அவர் என்ன யோசித்தாரோ தெரியாது. திரும்பி நாலு மைல் ஏற வேண்டியிருந்ததையும் யோசித்திருக்கலாம். பார்வைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி எழுதினார்: 'வருகை இருபத்து மூன்று. அனைவரும் இவ்வூர்ப் பிள்ளைகளே. எடையளவுகளில் மாணவர்களின் தேர்ச்சி திருப்திகரம்.' கையெழுத்துப் போட்டு, தேதி போட்டார்.

வாசலில் நின்று மஃப்ளரை இறுக்கிக்கொண்டு சொன்னார்: "பொங்கல் கழிச்சு மறுபடி வருவேன் சார். அப்ப எனக்கு ஒரு கிலோகூடக் காதுல விழக்கூடாது."

மத்தியானம் மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. வடக்கு பிளாக்கைக் காலையிலேயே கரடியூர் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற செய்தி மழைக்கு முன்பே ஊருக்கு வந்திருந்தது. அடுத்த வருஷமும் அவர்களுக்குத்தானாம். கல்லுக்காட்டில் வழுக்கி விழுந்த முழங்கையைத் தடவிக்கொண்டே அத்தாயி நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். தலையைத் துவட்டிவிட்டுக் கொள்ளுப் பயற்றை அடுப்பில் போட்டாள்.

பொன்னுவேல் மகளின் கையைத் தன் மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரேகைக்குள் கறுப்பு ஓடியிருந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டாரு" என்றார்.

"ராசாத்தி சொன்னா."

"மத்ததும் சொன்னாளா?"

"சொன்னா."

"நான் போறப்ப என்ன சொல்லிட்டுப் போனேன்?"

"சொன்னீங்க. ரெண்டு நாளு ஊட்லதான் இருந்தா. இந்த ஊருல நாயும் கோழியும் இவளுந்தான். மூணாம் நாளு அழுதுக்கிட்டே ஓடியாந்துட்டாளுங்க. தொரத்த எனக்கு மனசு வரல. உங்ககிட்ட மறச்சது தப்புத்தான்."

"வேற எதுக்குமில்ல அத்தாயி. அந்தக் கூடைய என்ற புள்ள தூக்கக்கூடாதுன்னுதான் நான்…" அவர் முடிக்கவில்லை. மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. அத்தாயி கிட்டே வரவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை, கொள்ளைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அமுதா மெதுவாக, "அப்பா, உங்களுக்குப் பதினொண்ணுதானுங்களா?" என்றாள்.

அவர் மகளை முறைக்கத்தான் பார்த்தார். முகம் கேட்கவில்லை. "பதினொண்ணு" என்றார். "அன்னைக்கு ரைட்டரு எந்திரிச்சு நின்னு என்ற முதுகுல தட்டுனாரு. பொடுசுங்கள்ள பதினொண்ண அப்பறம் யாரும் தாண்டுனதில்ல." கையை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். "நீ ஒன்றரை கிலோ சாஸ்தி."

"ரெண்டு கிலோ சேத்திக்கிங்க" என்றாள் அத்தாயி.

"எதுல?"

"அவ கணக்குல. உங்களவிட மூணர சாஸ்தி."

"பதினொண்ணு போனா ஒன்றரைதான புள்ள?"

"உங்களுது ஒம்பதுதானுங்க." அவள் அகப்பையைத் தட்டிவிட்டு மூடியைப் போட்டாள். "நீங்க தண்ணி குடிக்கப் போயிருந்தீங்க. நான்தான் என்ற கூடையிலிருந்து ரெண்டு கிலோ அள்ளிப் போட்டேன்."